பிக்கப்பின் வெள்ளிப் பட்டை

"பட்டையக் கழட்டிறலாமுங்களா, இருக்கட்டுமுங்களா?" பெயிண்டர் பாலிஷ் துணியோடு கேட்டார். அப்பாவின் பழைய பிக்கப் வண்டியைத் தம்பி நாமக்கல் பட்டறையில் புதுப்பிக்கிறான். கதவின் குறுக்கே ஓடும் அந்தப் பளபளப்பான பட்டையிலிருந்து பாலிஷ் வாசனை வந்ததும் நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

ஞாயிறுதோறும் அப்பா, முகம் தெரியும்வரை அதைத் தேய்ப்பார். வாசலெல்லாம் இந்த வாசனைதான். சேந்தமங்கலத்தில் சித்தியின் கல்யாணத்துக்குக் கிளம்பிய காலையில், வண்டியில் ஏறும்போது அம்மாவின் கையிலிருந்த சீர்த்தட்டு உரசிப் பட்டையில் கீறல் விழுந்துவிட்டது.

"கண்ணு பொடனிலயா இருக்குது? எறங்கு. ஊட்லயே கெட," என்றார் அப்பா.

அம்மா இறங்கினாள். நானும் அவளோடு இறங்கினேன். தம்பி முன்சீட்டில் இருந்தான். வண்டி போய்விட்டது. கூடப்பிறந்த தங்கையின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமல், அம்மா பட்டுச்சேலையை மடித்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அன்று தனக்குக் காய்ச்சல் என்றே சித்தியிடம் கடைசிவரை சொல்லிவந்தாள்.

"கழட்டிருங்க," என்றேன்.

"அப்பா உசுரா வெச்சிருந்தது, அக்கா!" என்றான் தம்பி. "அம்மா இருந்திருந்தா, இருக்கட்டும்னுதான் சொல்லியிருக்கும்."

அவன் சொன்னது சரிதான். அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பாள். இருக்கட்டும் என்று பெயிண்டரிடம் தலையாட்டினேன். பெயிண்டர் பட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார்.