கப்பலை அழுத்திய விரல்

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது ஐந்து, செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழும் இன்று சொந்தக் கையால் சம்பாதித்துச் சாப்பிடுகின்றன. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் இரண்டு வருஷம்தான் இருந்தேன். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் கிடையாது. அதனால் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் பேத்தி.

போன வருஷக் கடைசி மழையில், மலேசியாவில், கோல சிலாங்கூரில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. பேத்தி பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்வதற்குப் படித்தாள். கடைசி வருஷத்தில் ஒரு விளையாட்டை முழுதாகச் செய்து காட்டினால்தான் பட்டம். கூடச் செய்தவள் அவளுடைய தோழி. செரண்டாவிலிருந்து மழையில் நனைந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் வருவாள். கணக்கும் விளையாட்டுச் சட்டமும் பேத்தியுடையது, படம் வரைவது தோழி.

சுட்டுத் தள்ளும் விளையாட்டு இல்லை அது. பழைய காலத்து ஆசியா முழுவதும் ஒரே படமாக விரிந்து கிடக்கும். சோழர் கப்பல், சயாம் ராஜா, மலாக்கா சுல்தான், பிறகு வெள்ளைக்காரன் என்று காலம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, நெல், ஈயம், சண்டை, சம்பந்தம் எல்லாம் பார்த்து, அதை அழியாமல் கொண்டுபோக வேண்டும்.

பாதி வேலையில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஒரே மேசை, ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார்கள்.

“பாட்டி, காப்பி வேணுமான்னு அவகிட்ட கேளுங்க.”

“எதுக்கத்தானே குந்தியிருக்கா? ஒனக்கு வாயில்லையா?”

காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பேத்தி பட்டம் வாங்கப் போகிறாள் என்று கோயிலிலும் எங்கள் தாமான் வீடுகள் முழுக்கவும் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள்.

“பாட்டி, ஒரு தடவ நீங்க வெளையாடணும். நாங்க ஒண்ணும் சொல்லித்தர மாட்டோம்” என்றாள் பேத்தி.

“ஒனக்கு வேற ஆளே கெடைக்கலையா?”

“கேம் தெரிஞ்சவங்க பழக்கத்துல அழுத்திருவாங்க பாட்டி. ஒண்ணும் தெரியாத ஆளுதான் வேணும்.”

எனக்குச் சுருக்கென்றது. “யாருக்குடி தெரியாது? ஏழு புள்ளைய கட்டி ஆண்டவ நான். ஒரு நாடு என்ன பெருசா?”

“அலாமா! மகாராணி கெளம்பிட்டாங்க லா!” என்றாள் தோழி. வெகு நாளைக்குப் பிறகு இரண்டும் சேர்ந்து சிரித்தன.

எங்கள் ஊர் ஆற்று முகத்துவாரத்தையே என் நாடாக எடுத்துக்கொண்டேன். கோட்டை இருந்த குன்றும் படத்தில் இருந்தது. எழுத்து வேண்டியதில்லை. சோற்றுப் பானை என்றால் சாப்பாடு, காசு என்றால் கஜானா, மனிதத் தலை என்றால் ஆள் பலம். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. பக்கத்து ராஜாவுக்குப் பெண் கொடுத்துச் சண்டையைத் தவிர்த்தேன். காட்டை வெட்டினேன். காலம் ஓடி வெள்ளைக்காரன் காலம் வந்தது, ரப்பர் மரம் வந்தது. மரம் மளமளவென்று வளர்ந்துவிட்டது. பால் எடுக்க ஆள் இல்லை. மனிதத் தலை சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்தது.

மூலையில் ஒரு கப்பல் படம். அழுத்தினேன். தலை கூடியது, பால் ஓடியது. பிறகு காய்ச்சல் வந்து தலை குறைந்தது. மறுபடியும் அழுத்தினேன். குறையக் குறைய அழுத்தினேன். ஆள் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. கடைசியில் மேலே தங்க நிறத்தில் ஒரு கிரீடம் வந்தது.

“ஜெயிச்சிட்டேனா?”

தோழி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்தி படத்தை மெல்லக் கடலுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினாள். தமிழ்நாடு. ஒவ்வொரு ஊராக விளக்கு அணைந்து கிடந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“அந்தக் கப்பல்ல வந்தது நம்ம ஆளுங்க பாட்டி.”

அப்புறம்தான் சண்டையின் காரணத்தைச் சொன்னார்கள். கப்பல் வேண்டாம், நம் தாத்தன் பாட்டியை ஒரு பட்டன் ஆக்குவது பாவம் என்பது தோழியின் பேச்சு. மறைத்தால் அது பொய் என்பது பேத்தியின் பேச்சு. தோட்டத்தில் பிறந்த பாட்டி விளையாடட்டும், கப்பலைக் கண்டதும் அவர் என்ன சொல்கிறாரோ அப்படிச் செய்வோம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நான் கோபப்படுவேன் என்று ஒருத்தியும், அழுவேன் என்று இன்னொருத்தியும் நினைத்தார்களாம். நான் அழுத்திக்கொண்டே போவேன் என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை.

நான் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். என் அப்பா அண்ணனோடு கப்பலில் வந்தவர். பெரியப்பா முதல் வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். புதைத்த இடம் கூடத் தெரியாது. தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கு இலை போட்டுப் படைப்போம். அப்பாவுக்குப் பிறகு போடுகிறவள் நான். அதே கைதான் அழுத்தியது. ஆள் இறக்கிய வெள்ளைக்காரத் துரைக்குக் கல் நெஞ்சு என்று அதுவரை நினைத்திருந்தேன். கல் நெஞ்செல்லாம் எதற்கு? உட்கார ஒரு நாற்காலி, மேலிருந்து பார்க்க ஒரு படம், போதும் போலிருக்கிறது.

“எடுத்துடு. நான் அழுத்துனத யார்கிட்டயும் சொல்லாத” என்றேன்.

பேத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எடுத்துரலாம்டி” என்றாள்.

இப்போது மறுத்தவள் தோழி. “முடியாது. பாட்டியே அழுத்திட்டாங்க. இனிமேதான் இருக்கணும். அழுவுற சத்தமெல்லாம் வேணாம். அழுத்துறது எவ்வளவு லேசா இருக்கோ அப்படியே இருக்கட்டும்.”

“நீதானடி பாவம்னு சொன்ன?”

“ஆமா, சொன்னேன். இப்ப வேணும்னு சொல்றேன் லா!”

இரண்டும் மறுபடியும் சண்டை. ஆனால் முகம் பார்த்து. கப்பல் இருந்தது. ஒன்றே ஒன்று மாற்றினார்கள். கிரீடம் வந்தவுடன் படம் தானாகவே கடலைத் தாண்டி அந்தப் பக்கம் நகரும், அன்று பேத்தி எனக்குக் காட்டியது போல.

பல்கலைக்கழகத்தில் காட்சிக்கு வைத்த அன்று நல்ல சேலை கட்டிக்கொண்டு போய் அவர்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்த பிள்ளைகள் எல்லாரும் அழுத்தினார்கள். சிரித்துப் பேசிக்கொண்டே அழுத்தினார்கள். ஒரு தமிழ்ப் பெண் கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“பாட்டி, நீங்க வெளையாண்டீங்களா?”

இல்லை என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? பேத்தியும் தோழியும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

“வெளையாண்டேன்மா. நானும்தான் அழுத்துனேன்.”

அந்தப் பெண் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பிள்ளைகள் இருவரும் பட்டம் வாங்கிவிட்டார்கள். இந்தத் தீபாவளிக்கும் பெரியப்பாவுக்கு இலை போட்டேன். போடும்போது என் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்; இனி ஒவ்வொரு வருஷமும் பார்ப்பேன்.

அம்மாடி, நான் அழுத்தினேன் என்று சொன்ன இடத்தையெல்லாம் எனக்காக மழுப்பி எழுதியிருக்கிறாயா? முதலிலிருந்து ஒரு தரம் வாசி, கேட்கிறேன்.