அமுக்காமல் விட்ட ஜாயின்ட்

ஆறு வருடங்களுக்கு முன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குத் தண்ணீர் லைன் போட்டேன். அங்கே வெல்டிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிளாஸ்டிக் குழாயோ அந்த வெயிலுக்கு நாலு கோடையில் வெடித்துவிடும். அதனால் ஸ்டீல் குழாயில் பிரஸ் ஜாயின்ட். குழாயை ஜாயின்டுக்குள் செருகி, கையால் பம்ப் அடிக்கும் மெஷினை வைத்து இறுக்கமாக ஒரு அமுக்கு. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நெரிந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். "உங்க பேரன் காலம் வரைக்கும் தொட வேண்டாம்" என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன்.

போன சித்திரையில் ஆலை போர்மேன் கூப்பிட்டார். பட்டாசு மருந்து வைக்கும் அறையின் வெளிச்சுவர் ஈரமாக இருப்பதை, அங்கே வேலை பார்க்கும் ஓர் அக்கா பார்த்துச் சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்தது அலுமினியப் பொடி. ஈரம் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள். நான் போவதற்குள் பொடியை வேறு அறைக்கு மாற்றி, ஆட்களை வேப்பமரத்தடிக்கு அனுப்பியிருந்தார்கள்.

வால்வை மூடிவிட்டு, கசிந்த ஜாயின்டைத் தடவினேன். அமுக்கிய ஜாயின்ட் என்றால் பட்டைபட்டையாகக் கையில் தட்டுப்படும். இது வழுவழுவென்று உருண்டையாக இருந்தது. லேசாக இழுத்ததுமே குழாய் கழன்று வந்துவிட்டது. ஆறு வருடமும் வெறும் ரப்பர் இறுக்கத்தில் நின்றிருக்கிறது.

"என்ன அண்ணாச்சி, இதுக்கு ஆயுசு இம்புட்டுத்தானா?" என்றார் போர்மேன்.

ஜாயின்ட் சரக்கு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. அந்த வேலையின் கடைசி நாட்களில் பம்ப் அடித்து அடித்துத் தோள் மரத்துப்போனது நினைவுக்கு வந்தது.

"சரக்கு மேல குத்தமில்ல. நாந்தான் அமுக்காம விட்டுட்டேன்."

அந்த அக்கா பக்கத்தில்தான் நின்றார். "அப்ப இத்தன வருசமும் நாங்க இங்கனதான உக்காந்து வேல பாத்தோம்?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

இரண்டு நாள் வெயிலில் லைன் முழுக்க ஒவ்வொரு ஜாயின்டாகத் தடவிக்கொண்டே போனேன். அந்த அக்காவும் கூடவே வந்து, நான் தொட்டதை எல்லாம் தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அமுக்காத ஜாயின்ட் இன்னொன்றும் அகப்பட்டது. கண்டுபிடித்தது அவர்தான், நான் தாண்டிப் போயிருந்தேன்.

ஆலையில் கட்டும் புது ஷெட்டுக்குக் குழாய் போடும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். "மனசுல வச்சுக்கிடாதீக" என்றார் போர்மேன். வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

சாத்தூரில் நாலு வீட்டுக்கு இதே ஜாயின்ட் போட்டிருக்கிறேன். அங்கே குழாய் எல்லாம் சுவருக்குள். உடைக்காமல் பார்க்க வழியில்லை. ஒவ்வொரு வீடாகப் போய், ஈரம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். "நல்லாத்தான இருக்கு, எதுக்குப் பயமுறுத்துறீக?" என்கிறார்கள்.