சாயம் அடித்த வீடு

என் வேலைக்கு ஸ்கவுட்டிங் என்று பெயர். தொலைக்காட்சி நாடகத்துக்குக் கேமராவோடு ஆள்கள் போவதற்கு முன்னால், நான் போய் இடம் பார்த்து வர வேண்டும். பள்ளியில் சாரணர் இயக்கத்தில் இருந்தபோதும் இதே சொல்தான். கூடாரம் போட்ட இடத்தை வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக விட்டுப்போக அங்கே பழக்கினார்கள். இந்த வேலையில் அதெல்லாம் ஆகாது. பார்த்த இடம் பார்த்தபடியே இருக்க வேண்டும்.

செடெனாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்தின் கோடி வீட்டைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நொடித்துப்போன குடும்பம் வந்து ஒண்டிக்கொள்ளும் வீடு கதைக்கு வேண்டும். இங்கே சுவர் பொரிந்து, பலகை கறுத்து, எல்லாம் தயாராக இருந்தது. அந்த வீட்டில் தனியாக இருந்த அக்கா கோப்பி கலக்கிக் கொடுத்தார்.

“எங்க வீட்டையா டிவியில காட்டப் போறீங்க?”

“அவ்வளவு அழகா இருக்குக்கா. வேற வீடே பார்க்க வேணாம்.”

எனக்கு அழகாகத்தான் இருந்தது. பாழடைந்து கிடப்பதால்தான் வேண்டும் என்று, கோப்பி கொடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

மகளைச் சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறாராம். “சம்பந்தி வீட்டுக்காரங்க இங்க வந்ததே இல்ல தம்பி. மக கூட்டிட்டு வர மாட்டேங்குறா, வெட்கம் லா. டிவியில பார்த்தாங்கன்னா வருவாங்க.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை இயக்குநரோடு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜொகூர் பாருவுக்குத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை எனக்கே வீடு அடையாளம் தெரியவில்லை. சுவரெல்லாம் மஞ்சள் சாயம், சன்னலுக்குப் பச்சை, வாசலில் மாவிலைத் தோரணம். அக்கா பட்டுச்சேலையில் நின்றார். நக இடுக்கில் இன்னும் மஞ்சள் இருந்தது. இயக்குநர் வீட்டைச் சுற்றி நடந்தார். பின்பக்கம் அடுப்புப் புகை படிந்த குசினிச் சுவர் மட்டும் பழையபடி இருந்தது. அதன்முன் சற்று நேரம் நின்றார். “அலமாக், எல்லாம் போச்சு,” என்று என் காதில் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

“ஐயாவுக்குப் பிடிக்கலையா தம்பி?”

“அவருக்கு அவசர வேலைக்கா. அப்புறம் சொல்றோம்.”

பாலோ ஊரில் வேறொரு வீடு கிடைத்தது. இடிந்த வீடுதான் வேண்டும், எதையும் மாற்றிவிடாதீர்கள் என்று அந்த வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைத் தின்கிறது. அக்காவும் சிரித்திருப்பாரோ என்னவோ, நான்தான் கேட்கவில்லை.

நேற்று அக்காவிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. மஞ்சள் சாயம் அடித்த குசினி. கூடவே அவர் குரல்.

“அன்னைக்கு ஐயா குசினிகிட்ட நின்னு பார்த்தாங்கல்ல, அப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு தம்பி. என் தப்புதான். இப்ப அதையும் அடிச்சிட்டேன். மககிட்டயும் சொல்லியாச்சு. எப்ப வர்றீங்க?”