தேயிலைக்குள் நாலு வரி லத்தீன்

போன கிழமை பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் பலசரக்குக் கடைக்குள் நுழைந்தேன். அவர் ஒரு சுருட்டுக் கட்டைப் பிரித்தார். அந்த வாசம் என்னைச் சொல்லாமல் கொள்ளாமல் பூனாகலைப் பக்கத்து துரை கல்லறைக்குக் கூட்டிப்போய்விட்டது. சுருட்டுக்கும் கல்லறைக்கும் என்ன உறவு என்கிறீர்களா? இருக்கிறது.

அப்போது நான் அங்கே ஒரு தோட்ட ஆபீஸில் புதுக் கிளாக்கர். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று எல்லோரையும் நம்பவைத்திருந்தேன். அதனால் இத்தாலியிலிருந்து ஒரு பேராசிரியை வந்தபோது, மானேஜர் துரை என்னைத் துணைக்கு அனுப்பினார். ஐந்நூறு வருஷத்துக்கு முன் பழைய லத்தீன் ஏடுகளைத் தூசி தட்டி எடுத்து, அதே மாதிரி தாங்களும் எழுதிப் பார்த்த அறிஞர்களைப் பற்றி ஆயுள் முழுக்கப் படித்தவர் அந்த அம்மா. லத்தீனில் எழுதும் பழக்கம் எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது என்று பார்க்க, கல்லறைக் கல்லாகத் தேடித் திரிந்தார். படித்தவர்களுக்கும் பைத்தியம் பலவிதம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்துக் கல்லுக்குக் கீழே யாரோ பழைய வெள்ளைக்காரத் துரை படுத்திருப்பதாக லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களின் நம்பிக்கை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், கல்லின் மேல் சுருட்டும் சாராயமும் வைப்பார்கள். பேராசிரியை பல் துலக்கும் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துவிட்டு, அடியில் இருந்த லத்தீனை நிதானமாக வாசித்தார். உள்ளே இருந்தது துரையல்ல, துரையின் மூன்று வயது மகள். நான் அதைத் தமிழில் சொன்னதும் ஒரு பெரியவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பச்சைப் பிள்ளைக்கா இத்தனை காலம் சாராயம் படைத்தோம் என்று அவருக்கு ஆறவேயில்லை. எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

ராக்கம்மா சிரிக்கவில்லை. கொழுந்து பறிப்பவள். நாலு வயதில் தவறிப்போன அவள் மகன், தேயிலைச் செடிகளுக்கிடையில் அடையாளமில்லாத மண்மேடாகக் கிடந்தான்.

"கிளாக்கரய்யா, எம்புள்ளைக்கும் இதே மாதிரி எழுதித் தரச் சொல்லுங்க. அவன் பேரு நிக்கணும்ல."

தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். பேராசிரியை அங்கேயே உட்கார்ந்து, பையன் எதற்குச் சிரிப்பான், என்ன விளையாடுவான் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். மறுநாள் லத்தீனில் நாலு வரி எழுதிக் கொண்டுவந்து, எனக்கு இங்கிலீஷில் அர்த்தமும் சொன்னார். ராக்கம்மாவின் புருஷன் சீமெந்துப் பலகை வார்த்து, ஈரம் காயுமுன் எழுத்து எழுத்தாக ஆணியால் கீறினான். அவளுக்கோ அர்த்தம் வேண்டியிருந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் தமிழில் சொல்லச் சொல்லி, நாலு வரியையும் மனப்பாடம் செய்துவிட்டாள்.

போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். தேயிலையைப் பிடுங்கிவிட்டு யூக்கலிப்டஸ் நட்டிருக்கிறார்கள். பலகையைக் காணோம். ராக்கம்மாவும் இல்லை, அவள் புருஷனும் இல்லை. பேராசிரியை எழுதிய தாளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இந்த வழியே போகிறவரே, கொஞ்சம் நில்லுங்கள் என்ற முதல் வரி நினைவிருக்கிறது. ஆலைச் சங்கு ஊதினால் கூடவே ஊதியவன் என்பதும் இருக்கிறது. அம்மாவை முந்திக்கொண்டு போனான் என்பதும் வருகிறது.

நாலாவது வரியில்தான் அவன் பெயர் இருந்தது.