வில்லனுக்காக நான் வாதாடியது

கோவளம் வரை போய் ஓட்டலுக்கு ஒரு மோட்டார் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, சாலையோரம் காற்று கொண்டுவந்து போட்டிருந்த மணலில் என் பைக் சறுக்கியது. வலது தொடை எலும்பு முறிந்தது. மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரை ஓட்டலில் நான் எலக்ட்ரீஷியன். ஏணியில் ஏறி இறங்கியே பழகிய உடம்பு. தகடு வைத்துத் தைத்துவிட்டு, மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செங்கல்பட்டில் எங்களுக்கு மாடிப் போர்ஷன். படிக்கட்டில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான்கு பேர் என்னை நாற்காலியோடு தூக்கிவந்து கூடத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். அவர்கள் இறங்கிப் போன சத்தம் அடங்கியதும்தான் எனக்கு உறைத்தது: இனி அந்தப் படியை நானாக இறங்க முடியாது. ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் ஒரு தென்னையின் நடுப்பகுதியும் மட்டும் தெரியும். மரத்தின் தலையும் தெரியாது, அடியும் தெரியாது. ரயில் போகும் சத்தம் கேட்கும். சிறுநீர் கழிப்பதற்குக்கூட என் மனைவி பாத்திரம் எடுத்துவந்து வைக்க வேண்டும்.

கட்டிலுக்கு நேர் எதிரே டிவி. மகள் பள்ளிக்குப் போய், சமையலும் முடிந்தபின், மதியம் ஒரு மணிக்குக் கீழ் வீட்டு அக்கா மேலே வருவார். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் என் மனைவியும் தரையில் உட்கார்ந்து ஒரு சீரியல் பார்ப்பார்கள். எனக்கு வேறு போக்கிடம் இல்லாததால் நானும் பார்த்தேன்.

கதை இதுதான். ஒரு ரைஸ் மில் முதலாளி. தங்கைக்கு வந்த நல்ல சம்பந்தத்தைத் தந்திரமாகக் கலைத்து, பதினெட்டு வருஷம் அவளைத் தன் வீட்டிலேயே சமையல்காரியாக வைத்திருக்கிறான். பிறகு அவனுக்குப் பக்கவாதம் வந்து கை கால் விழுந்துவிடுகிறது. வீடு தங்கையின் கைக்கு வருகிறது. அவள் அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. சமையலறைக்குப் பின்னால் தான் படுத்திருந்த அதே அறையில் அவனைப் போட்டு, வேளாவேளைக்குச் சோறு ஊட்டுகிறாள். ஒரு வார்த்தை மட்டும் பேசுவதில்லை. அதுதான் அவள் பழிவாங்கிய விதம்.

"இன்னும் வேணும்மா அவனுக்கு. பதினெட்டு வருஷம் அந்தப் பொண்ண அடுப்பாங்கரையில போட்டு வெச்சான் இல்ல? அவனும் பதினெட்டு வருஷம் கெடக்கட்டும்" என்பார் அக்கா.

என் மனைவிக்கு மனசு வராது. "ரெண்டு அடி அடிச்சாக்கூட பரவால்லக்கா. ஒண்ணும் பேசாம சோத்த ஊட்டிட்டு எழுந்து போறா பாரு, அதான் எனக்கு ஒரு மாதிரி கீது. எந்திரிக்க முடியாதவன் கிட்ட இன்னா வீரம்?"

நான் கட்டிலிலிருந்து அவளோடு சேர்ந்துகொள்வேன். "அவன் இன்னா கொலையா பண்ணான்? ஒரு கல்யாணத்த நிறுத்துனான். அதுக்கு இப்டியா?"

"தம்பி, நீ இன்னா அவனுக்கு வக்கீலா?" என்று அக்கா சிரிப்பார்.

தினமும் அரை மணி நேரம் இந்த வழக்கு நடந்தது. உள்ளதைச் சொன்னால், நான் அதற்காகவே காத்திருந்தேன். மற்ற இருபத்து மூன்றரை மணி நேரமும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வாரத்தில் ஒரு நாள் சீரியலில் அந்தச் சம்பந்தம் கலைந்த பழைய கதையைக் காட்டினார்கள். தங்கை வெளியே போயிருக்கும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நிற்கிறார்கள். அண்ணன் கும்பிட்டுவிட்டு, மிக மரியாதையாக, "என் தங்கச்சிக்கு இதுல விருப்பம் இல்லைங்க" என்கிறான்.

எனக்குக் குப்பென்று வியர்த்தது.

என் மனைவி தட்டைக் கீழே வைத்தாள். "இல்லக்கா, நான் சொன்னது தப்பு. இந்த ஒரு வார்த்தைக்கே அவனுக்கு அது தகும். அவளுக்கு விருப்பம் இல்லன்னு சொல்ல இவன் யாரு?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கும் இல்ல? தங்கச்சி தூரமா போய்ட்டான்னா வூடு இன்னா ஆவும்னு யோசிச்சிருப்பான். பயந்திருப்பான். பயந்தவனப் போய்…" குரல் எனக்கே தெரியாமல் ஏறிவிட்டது. அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மனைவி டிவியை அணைத்தாள். "இன்னாங்க, அவனுக்காக இப்டி வேகுறீங்க?"

முன்பெல்லாம் பேச்சு இப்படித் திரும்பினால் பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் போய்விடுவேன். திரும்பி வரும்போது பேச்சு ஆறியிருக்கும். திருமணமான இத்தனை வருஷத்தில் எத்தனை முறை அப்படித் தப்பித்திருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. கால் தலையணை மேல் கிடந்தது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். போக இடமில்லை.

சொன்னேன்.

கல்யாணமான புதிதில் அவள் பி.எட். முடித்திருந்தாள். அணுபுரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் கொடுத்தாள். அப்போது அவளுக்குத் தனியாகப் போன் கிடையாது. என் நம்பரைத்தான் எழுதியிருந்தாள். ஒரு நாள் காலை நான் ஓட்டலில் ஏணி மேல் நிற்கும்போது பள்ளியிலிருந்து அழைத்தார்கள். திங்கட்கிழமை இன்டர்வியூ, வரச் சொல்லுங்கள் என்றார்கள். நான் ஐ.டி.ஐ. படித்தவன். அவள் டீச்சர் ஆகிவிட்டால் என் பேச்சு வீட்டில் எடுபடாது என்று யாரும் சொல்லாமலே எனக்குள் ஒரு பயம் இருந்தது. "அவங்களுக்கு விருப்பம் இல்லைங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதன் பிறகு மாதக்கணக்கில் என் போன் அடிக்கும்போதெல்லாம் அவள் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து நிற்பாள். இல்லை என்று தலையாட்டுவேன்.

அவள் கத்தவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பேசுனது ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பள."

"ஏன் விருப்பம் இல்லன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. வூட்ல வேலை இருக்குதுன்னு சொன்னேன்."

"அப்புறம் இன்னா சொன்னாங்க?"

"பரவால்ல, மார்க் நல்லா இருந்துதேன்னு கேட்டோம்னாங்க."

அதைக் கேட்டதும்தான் அவள் முகம் மாறியது. "நான் மார்க் பத்தலன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். "இத்தினி வருஷமா அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன். நீ பாத்துகினுதான இருந்த?"

அவள் என்னை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு எழுந்து போய் எனக்குச் சோறு போட்டு எடுத்துவந்தாள். தட்டைப் பார்த்ததும் எனக்குச் சீரியல் அறைதான் ஞாபகம் வந்தது. நாளையிலிருந்து பேச மாட்டாள் என்று நினைத்தேன்.

ஆனால் பேசினாள். மறுநாள் காலை தன் சான்றிதழ்களை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து என் கண் எதிரிலேயே அடுக்கினாள். இரண்டு வாரத்தில் திருக்கழுக்குன்றம் போகும் வழியில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. மகளையும் அங்கேயே சேர்த்துக்கொண்டாள். ஏழரை மணிக்குத் தண்ணீர், மாத்திரை, பாத்திரம், போன் எல்லாவற்றையும் என் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கதவை வெளியே பூட்டுவாள். எழுந்து தாழ்ப்பாள் போட முடியாத ஆளைத் திறந்த வீட்டில் விட முடியாது என்பதால் அந்தப் பூட்டு. சாவி அக்காவிடம் இருக்கும். மதியம் அவர் வந்து சோறு வைத்துவிட்டு, சீரியல் பார்த்துவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு போவார். நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தப் பூட்டு விழும் சத்தத்துக்குப் பிறகு வரும் பகல்கள் கொடுமையாக இருந்தன. மின்சாரம் போனால் மின்விசிறி நிற்கும். என்ன ஆனது என்று எனக்குத் தெரியும், எழுந்துபோய்ப் பார்க்க முடியாது. வியர்வையில் முதுகு விரிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன்.

ஒரு சாயங்காலம், அவள் நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தபோது, கேட்டே விட்டேன். "நான் பண்ணதுக்குத்தான இது? என்னத் தண்டிக்கத்தான இப்டிப் பூட்டிகினு போற?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இத்தனை நாள் கிடந்தேன், அனுபவித்தேன், சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உண்மையாகவே ஆச்சரியப்பட்ட முகம். "உன்னத் தண்டிக்கவா நான் பஸ்ல தொங்கிகினு போய் வரேன்? எனக்குப் புடிச்சிருக்குது, போறேன். உன்ன இன்னா பண்றதுன்னு நான் இன்னும் யோசிக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தாள்.

கால் கூடியது. நான்காவது மாதம் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கித் தெருவுக்கு வந்தேன். ஓட்டலில் ஏணி ஏற விடவில்லை. சுவிட்ச் போர்டு அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் இப்போது பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். சண்டை இல்லை. பிரிந்து போகவும் இல்லை. சில சாயங்காலங்களில் அவள் ஏதோ யோசனையாக என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எழுந்து வெளியே போகாமல் உட்கார்ந்திருப்பேன்.