மூன்றாம் பதிப்பில் இழுவை இல்லை

புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆபீஸ் பிள்ளைகள் தங்களுக்குள் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். கிழவிக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயம் என்று அவர்கள் நினைப்பு. பயமாவது, மண்ணாங்கட்டியாவது. அவர்களில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்பே நான் கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள். எனக்கு இருப்பது கோபம். யார் மேல் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஈயம் விலை விழுந்து, ஈயச் சுரங்கங்களை நம்பியிருந்த ஈப்போவில் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தன. நாங்கள் பிறந்த தோட்டம் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே இருந்தது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் அது போனபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் மூலைக்கொருவராகச் சிதறினார்கள். மிஞ்சியது சர்ச் பாட்டுக் குழு ஒன்றுதான். டவுனுக்கு வெளியே தகரம் போட்ட ஒரு சின்னக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். அந்தக் குழுவை நடத்தியவள் என் அக்கா.

அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "பாட்டையே கட்டிக்கிட்டேன் லா" என்பாள். சொந்தமாக மெட்டுப் போடுவாள். தோட்டத்தில் சாவு விழுந்தால் பெண்கள் ஒரு வார்த்தையைப் பிடித்து இழுத்து, கீழே இறக்கி, மறுபடி தூக்கி அழுவார்களே, அந்த இழுவையைக் கொண்டுவந்து கீர்த்தனையில் வைத்தவள் அவள். முதல் தடவை கேட்ட போதகருக்கு முகம் சுருங்கிவிட்டது. பெரிய வெள்ளிக்கிழமைக்கு வேறு எப்படிப் பாடுவது என்று அக்கா திருப்பிக் கேட்டாள்.

அவளுக்குத்தான் தொண்டையில் கட்டி வந்தது.

முதலில் கரகரப்பு என்றார்கள். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, கிறிஸ்மஸ் முடிந்ததும் ஆபரேசன் என்று தேதி கொடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை, மெதுவாகப் பேசலாம், பாட மட்டும் முடியாது என்றார் டாக்டர். 'மட்டும்' என்று அவர் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அக்காவின் மனதில் அப்போது பெரிய வெள்ளிக்காக ஒரு புதுப் பாட்டு பாதி உருவாகியிருந்தது. டேப்பில் பாடி வைத்துவிடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "இந்தத் தவளச் சத்தத்தையா? நான் செத்த பெறகு ஊரே போட்டுக் கேக்கவா?" என்று மறுத்துவிட்டாள். வீம்பு. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உள்ள வீம்புதான்.

அந்த நேரத்தில்தான் இஞ்சினியர் ஐயா வந்தார். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர். அவரைச் சுற்றிக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்த ஒரு வட்டம் இருந்தது. கூலிம், தாப்பா, லூமுட் என்று பல ஊர்க்காரர்கள். எல்லோரிடமும் அமெரிக்க மெஷினைப் பார்த்துத் தைவானில் செய்த போலிக் கம்ப்யூட்டர்கள். ஏதோ பத்திரிகையில் வந்த புரோகிராம் வரிகளை வைத்துக்கொண்டு ஐயா ஒரு பாட்டு புரோகிராம் எழுதியிருந்தார். ச ரி க ம என்று தட்டினால் மெஷின் அந்த மெட்டைப் பாடும். அதை அவர் யாருக்கும் விற்கவில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் மாற்றியதை வட்டத்துக்கே திருப்பித் தர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு விதியும் வைத்திருந்தார்கள். டிஸ்க்கெட் கிடைப்பது அரிது, அதனால் ஆளுக்கு ஒன்றுதான். ஒன்றின் ஓரத்தில் காகித ஓட்டை போடும் கருவியால் பள்ளம் வெட்டி, திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் எழுதுவார்கள். ஒரு பக்கம் புரோகிராம், மறு பக்கம் உங்கள் பாட்டுகள். புதுப் பதிப்பு வந்தால் பழையது அதே இடத்தில் அழியும். இரண்டாவது பிரதி வைத்துக்கொள்வது பேராசை என்று வட்டத்தில் பேச்சு. பந்தியில் இரண்டு இலை போட்டு உட்காருகிறவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

கோலாலம்பூருக்கு மாற்றலாகிப் போன ஒருவர் விட்டுப்போன மெஷினை ஐயா எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். அக்காவுக்கு இரண்டாம் பதிப்பு கிடைத்தது. அதில்தான் இழுவை இருந்தது. லூமுட் கடற்படையில் ரேடியோ வேலை பார்க்கும் வட்டத்துத் தம்பி ஒருவன், நாகசுரப் பைத்தியம், அவனாகச் சேர்த்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு வழுக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக என்று எண்ணாகக் கொடுத்தால் மெஷின் அப்படியே இழுக்கும்.

ஆபரேசன் தேதி வரை அக்கா அந்தப் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. கரகரத்த குரலில் அரை வரி பாடுவாள். எண்ணைத் தட்டுவாள். மெஷினைப் பாடவைத்துக் கேட்பாள். "இல்ல," என்பாள். மறுபடி அரை வரி. தொண்டையையும் பெட்டியையும் மாற்றி மாற்றி ஒத்துப் பார்த்து, கடைசியில் ஒருநாள், "இந்தா, இதான்," என்றாள். நான் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். சத்தம் என்னவோ தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்டதுபோலத்தான் வந்தது. ஆனால் அந்த வண்டு அக்கா மாதிரியே பாடியது. 'தகப்பனே' என்ற இடத்தில் கீழே விழுந்து, எழ முடியாமல் எழுந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

ஆபரேசன் முடிந்தது. அக்கா பிழைத்தாள். காற்று மட்டும் வெளியே வரும் ஒரு குரலில் பேசினாள். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். ஆனால் நாங்கள் பயந்ததுபோல் அவள் ஒடிந்துபோகவில்லை. பாட்டுதான் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதே. பெரிய வெள்ளிக்குக் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் பேச்சு. குரல் இல்லாமல் எப்படி என்று கேட்டால் மெஷினைக் காட்டுவாள்.

தவக்காலம் தொடங்கிய சமயத்தில் ஐயா மூன்றாம் பதிப்போடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளை, இனி மூண்டு குரல் ஒரே நேரத்திலை பாடும். பெண்டுகளுக்கு ஒண்டு, ஆம்பிளையளுக்கு ஒண்டு, சின்னாக்களுக்கு ஒண்டு. உம்மடை குழுவுக்கெண்டே செய்த மாதிரி."

அக்காவின் கண் விரிந்ததை நான் பார்த்தேன். அவளுக்கு வேண்டியதே அதுதானே. எனக்கு என்னவோ உறுத்தியது. "இருக்கிறதே நல்லாத்தான ஐயா பாடுது?" என்றேன். "ஏண்டி, நல்லது வந்தா வேணாம்பியா?" என்று அக்கா காற்றாகச் சீறினாள். ஐயா டிஸ்க்கெட்டை வாங்கினார். பழையதை அழித்தார், புதியதை ஏற்றினார். பிறகு திருப்பிப் போட்டபோது, பாட்டுகளைப் புதுப் பதிப்புக்கு மாற்றவா என்று மெஷின் கேட்டது. ஆம் என்று அழுத்துவதுதான் வட்டத்து வழக்கம். அக்காவே அழுத்தினாள்.

பாட்டு வந்தது. மூன்று குரலும் சுத்தமாக, சீராக வந்தன. வார்த்தைக்கு வார்த்தை படி ஏறுவதுபோல் ஏறி, படி இறங்குவதுபோல் இறங்கியது. 'தகப்பனே' வந்தது, போனது. வாசலில் யாரோ மணி அடித்ததுபோல் இருந்தது. அக்கா மறுபடி போடச் சொன்னாள். அதே மணி.

"இழுவ எங்க?"

ஐயாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மூண்டு குரல் வைக்க இடம் காணேல்லைப் பிள்ளை. இழுவையை ஒருத்தரும் பாவிக்கேல்லை எண்டு நினைச்சு எடுத்துப் போட்டன்." பழைய பதிப்பு யாரிடமாவது இருக்குமா என்று கேட்டேன். எல்லோருக்கும் அவரே நேரில் போய் மாற்றிக்கொடுத்து வந்திருந்தார். நல்ல மனிதர். அவரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் போன பிறகு கதவைத்தான் திட்டினேன்.

லூமுட் தம்பிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னதும் அவன் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்காகிட்ட மட்டும் சொல்லுங்க. நான் ஒண்ண ஒளிச்சு வச்சிருக்கேன். ஐயாவுக்குத் தெரிஞ்சா அசிங்கம் லா," என்றான். அவன் செய்து சேர்த்ததைத் தன் கையால் அழிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அந்தப் பேராசைக்காரனை நான் போனிலேயே வாழ்த்தினேன்.

சனிக்கிழமை லூமுட் பஸ்ஸில் போனோம். டிஸ்க்கெட்டைப் பைபிளுக்குள் வைத்து அக்கா மடியிலேயே கொண்டுவந்தாள். சித்தியவான் தாண்டும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தம்பியின் குவாட்டர்ஸில் எங்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து பழைய பதிப்பை எடுத்தான். "போலே லா அக்கா, முடியும், கவலப்படாதீங்க," என்றான். மெஷின் எழுந்தது. திரையில் இரண்டாம் பதிப்பு என்று பார்த்ததும் அக்கா சிலுவை போட்டுக்கொள்ளாத குறைதான்.

பாட்டு நேராகவே வந்தது.

தம்பி பாட்டின் வரிகளைத் திரையில் இறக்கிப் பார்த்தான். எழும்பி நின்றான். மறுபடி உட்கார்ந்தான். "மாத்தவான்னு கேட்டதுக்கு ஆம்னு குடுத்தீங்களாக்கா?" அக்கா தலையசைத்தாள். மாற்றும்போது மூன்றாம் பதிப்புக்கு இழுவை எண்கள் என்னவென்றே தெரியவில்லை. தெரியாததை எறிந்துவிட்டு, மிச்சத்தை அதே இடத்தில் எழுதியிருக்கிறது. சுரங்கள் இருந்தன. இழுவைகள் ஒன்றுகூட இல்லை. வேறு பிரதி இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. வட்டத்துக்காரனுக்கு அது தெரியாதா?

"பரவால்லக்கா. இங்கயே உக்காந்து திரும்பப் போடலாம். நீங்கதான போட்டது?"

அக்கா உட்கார்ந்தாள். 'தகப்பனே'வுக்கு வந்து ஓர் எண்ணைத் தட்டினாள். கேட்டாள். இல்லை. வேறு எண். இல்லை. பழக்கத்தில் வாயைத் திறந்து அரை வரி பாடப் போனாள். காற்று வந்தது. தொண்டையில் கையை வைத்தாள். ஒத்துப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் விடாமல் தட்டினாள். ஒவ்வொரு எண்ணும் அந்தந்த நேரத்துக்குச் சரி மாதிரி இருந்தது, இரண்டாம் தடவை கேட்டால் தப்பாக இருந்தது. கடைசியில் எது தன்னுடையது என்றே அவளுக்குத் தெரியாமல் போனது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்தால் சொல்லமாட்டேனா? இது இல்லை என்று மட்டும் தெரிந்தது, அது எது என்று தெரியவில்லை. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் எழுப்பினேன்.

பெரிய வெள்ளிக்கு அந்தப் பாட்டைப் பாடாமல் விட்டிருக்கலாம். நான் அதைத்தான் சொன்னேன். ஆனால் இழுவை எப்படியும் திரும்பக் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் அக்கா பயிற்சியைத் தொடங்கியிருந்ததால், குழு ஏற்கெனவே மெஷினைக் கேட்டு மூன்று குரலிலும் படித்திருந்தது. "சொலபமா இருக்குக்கா இந்தப் பாட்டு, போன வருசத்துப் பாட்டு மாதிரி இல்ல," என்று பிள்ளைகள் சந்தோசமாகச் சொன்னார்கள். அக்கா அவர்களைத் தடுக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன். குழு நன்றாகவே பாடியது, அதையும் சொல்ல வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே மூன்று குரலும் ஒட்டிக்கொண்டு நின்றன. பலர் அழுதார்கள்.

ஆராதனை முடிந்ததும், எங்களோடு ஒரே லயத்தில் இருந்த ஒரு அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்தார்.

"டீச்சர், ஒங்க கொரலையே கேட்ட மாதிரி இருந்திச்சு. அச்சா அப்படியே ஒங்க கொரலு."

அக்கா சிரித்தாள். நன்றி என்று உதட்டை அசைத்தாள். அந்த அம்மா போகும்வரை அந்தச் சிரிப்பை வைத்திருந்தாள்.

வீட்டுக்கு நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மூடிக் கிடந்த கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையில் நிழல் பார்த்து நடந்துகொண்டிருந்தபோது அக்கா நின்று என் தோளைத் தொட்டாள். நான் காதைக் கொடுத்தேன்.

"அப்பல்லாம் நான் எப்படிடி பாடுவேன்?" என்றாள். "நீ கேட்டிருக்கல்ல. ஒரே ஒரு வரி பாடிக் காட்டு."

அவள் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அவள் பாட்டைக் கேட்டுத்தான் எழுந்தேன், தூங்கினேன். தெருவில் யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று வாயைத் திறந்தேன். 'தகப்பனே' என்று வந்தது, காலையில் குழு பாடியதுபோல, சுத்தமாக, நேராக.

அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தச் சொன்னாள்.