பாப்பாவின் படங்களை எங்கே வைப்பது

மடிக்கணினியிலிருந்து அந்தச் சத்தம் முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பல்லி கத்துகிற மாதிரி டிக் டிக்கென்று கேட்டது. ஈரக் கையோடு ஓடிப் பார்த்தால் திரை அப்படியே உறைந்து நின்றது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். வந்துவிட்டது. ஆனால் அன்று முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அதில் எங்கள் கல்யாணப் படங்கள் இருந்தன, தபாலில் படித்த படிப்பின் பாடங்கள் இருந்தன. அவை போனால் போகட்டும். 'பாப்பா' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. எங்களுக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் சில வாரங்கள் இருந்துவிட்டு, வீட்டுக்கு வராமலே போய்விட்டாள். என் கணவர் தன் போனில் எடுத்த படங்களும் ஒன்றிரண்டு வீடியோக்களும்தான் மிச்சம். அந்தப் போனும் பின்னால் கெட்டுப்போனது. அதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் மடிக்கணினிக்கு மாற்றியிருந்தேன். மாற்றிய பிறகு நாங்கள் இருவருமே அந்த ஃபோல்டரைத் திறந்ததில்லை. திறக்காவிட்டாலும் அது அங்கே இருந்தாக வேண்டும்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். வேலைக்காக வந்து குன்றத்தூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். நான் வல்லம் வடகாலில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி. கையில் வரும் ஒவ்வொரு பாகத்திலும் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்த வாரம் கீறலே கண்ணில் படவில்லை. லைனில் நிற்கும்போதெல்லாம் காதுக்குள் அந்த டிக் டிக் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு பென்டிரைவில் ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் இவ்வளவு சின்னப் பொருள் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. அதை அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். எறும்பு வருமே என்று எடுத்து நகைப் பெட்டிக்குள் வைத்தேன். திருடன் வந்தால் முதலில் அதைத்தானே தூக்குவான் என்று அங்கிருந்தும் எடுத்தேன். கடைசியில் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால், கேட்டில் செக்யூரிட்டி பிடித்துக்கொண்டார். பென்டிரைவ் உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். அதை வாங்கி ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டார். ஷிஃப்ட் முடிகிறவரை எனக்கு உயிர் கேட்டிலேயே இருந்தது.

"என்னளா இப்படி அலையுத? ஒரு இடத்துல வச்சிட்டுச் சும்மா இரேன்" என்றார் அவர்.

"எந்த இடத்துல? அதச் சொல்லுங்க மொதல்ல."

பென்டிரைவும் இரண்டு வாரத்தில் மடிக்கணினிக்குத் தெரியாமல் போயிற்று. செருகினால், ஃபார்மட் செய்யவா என்று கேட்டது.

தேரடிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. கடைக்காரர் உள்ளூர்க்காரர். மடிக்கணினியைக் காதருகே வைத்துக் கேட்டார். "இன்னாமா, இது போற கேஸுமா. உள்ள டிஸ்க் அடி வாங்கிக்கினு கீது. மாத்திடலாம். ஆனா அதுக்கு முன்னாடி இருக்கிறதையெல்லாம் மேல ஏத்திடு" என்றார்.

"மேலேன்னா?"

"நெட்ல. உன் மெயில் ஐடிலயே இடம் கீது. லேப்டாப்பு போனாலும் போன்ல பாத்துக்கலாம்."

அவரே டிஸ்க்கை மாற்றி, பழையதில் இருந்ததையெல்லாம் புதியதற்குக் கொண்டுவந்து, திரையில் புதிதாக ஒரு ஃபோல்டர் வைத்துக் கொடுத்தார். அதில் எதைப் போட்டாலும் தானாக மேலே போய்விடுமாம். எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தது. எல்லாவற்றையும் அதற்குள் இழுத்துப் போட்டேன். எங்கள் இரண்டு போன்களிலும் அதே கணக்கைச் சேர்த்துவிட்டேன்.

அந்த நிம்மதி பாப்பாவின் பிறந்தநாள் வரைக்கும் இருந்தது.

அந்த நாளில் நான் லீவு போடுவதில்லை. வீட்டில் இருந்தால் சுவர் நெருக்கும். அன்றும் ஷிஃப்ட் முடிந்து, லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். வண்டி கிளம்பியதும் நேரம் பார்க்கலாமென்று போனைத் தொட்டேன். 'இதே நாளில்' என்று ஒரு வரி வந்திருந்தது. விரல் பட்டதும் ஏதோ பாட்டின் மெட்டு சத்தமாகக் கிளம்பியது. திரை முழுக்க என் பாப்பா. மூக்கில் குழாய், தலையில் வெள்ளைக் குல்லாய். ஒரு படம் மெதுவாகப் பெரிதாகி, கரைந்து, அடுத்த படம் வந்தது. அதை எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள். என் லைனில் புதிதாகச் சேர்ந்தவள், மண்ணூர்க்காரி. "ஐய, இத்துனூண்டு கீதேக்கா! யாரு, உன் கொழந்தையா?"

"ஆமா."

"இப்ப ஸ்கூல் போவுதா?"

நான் போனை மடியில் கவிழ்த்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். மெட்டு உள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். இறங்கும் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் எனக்கு முன்பே வந்து, விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கும் வந்துச்சா?"

"கேன்டீன்ல வந்துச்சு. எல்லாப் பயலும் சுத்தி உக்காந்து திங்கான். பாட்டு வேற பாடுது." போனை என் பக்கம் தள்ளினார். "அழிச்சிட்டேன்ளா."

"எதை?"

"எல்லாத்தையும். என் போன்லருந்துதான். லேப்டாப்புல இருக்குல்லா?"

நான் மடிக்கணினியைத் திறந்தேன். 'பாப்பா' ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை அறைக்குள் கூப்பிட்டபோதுகூட அவர் அப்படி ஆகவில்லை. "போன்லருந்துதாம்ளா அழிச்சேன், போன்லருந்துதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டுமே. மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கினேன். அவர் வண்டியை எடுத்தார்.

பைபாஸில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அவர் சந்து சந்தாகப் புகுந்து ஓட்டினார்.

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்துத் திரும்ப ஏற்றினார். நான் நடந்ததைச் சொல்ல, அவர் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டே கேட்டார். என் கணவர் உள்ளே வரவில்லை. வாசலில் வண்டியைப் பிடித்தபடியே நின்றார்.

"கீதும்மா. குப்பைத் தொட்டில கீது" என்றார் கடைக்காரர். "உடனே போவாது. கொஞ்ச நாள் வச்சிருப்பான். அதுக்குள்ள வந்துட்ட."

படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து நின்றன. நான் எண்ணவில்லை, பார்க்கவுமில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"போன்ல அழிச்சா லேப்டாப்புல ஏன் போவணும்?"

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. இங்க இன்னா பண்றியோ அங்கயும் அதான் நடக்கும்."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலியே."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை என்னவோ சொல்லியிருப்பேன். ஆனால் அவர்தான் படங்களை மீட்டுக் கொடுத்தவர். வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். வந்துவிட்டது என்று சொன்னதும் அவர் தலையை மட்டும் ஆட்டினார். டீயைக் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் சொன்னார்: "எனக்கு அந்தப் படம் வேண்டாம்னு நெனச்சிராத. அதுவா வந்து முன்னால நிக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் தேடிப் போகும்போது இருக்கணும்."

இத்தனை நாள் நான் அவரிடம் கேட்டதெல்லாம் எது பாதுகாப்பு, எது அழியாது என்றுதான். உங்களுக்கு எப்படி வேண்டும் என்று கேட்டதே இல்லை.

மேலே இருப்பதை எடுத்துவிடுவதென்று முடிவு செய்தோம். கையால் செருகினால் மட்டுமே திறக்கிற ஹார்ட் டிஸ்க்கே போதும். அதிலும் ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்றேன் நான். மழைக்காலத்தில் ஏரி திறந்தால் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வரும். மாடி வீடு என்றாலும் மின்சாரக் கோளாறு இருக்கிறது, தீ இருக்கிறது. "ரெண்டையும் ஒரே பீரோவுல வச்சா ரெண்டு எதுக்கு?" என்று கேட்டேன். இரண்டாவதை அவருடைய அக்கா, அதாவது என் மதினி வீட்டில், கோவில்பட்டியில் வைப்பதென்று ஆயிற்று. அவர் ஒரே நிபந்தனை வைத்தார். அதில் என்ன இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லக் கூடாது.

பொங்கலுக்குப் போனோம். ரயிலில் அந்த டிஸ்க்கை என் ஜாக்கெட் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்து, பையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எழுந்து தொட்டுப் பார்த்தேன்.

மதினி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னளா இது, ரேடியோ மாதிரி?"

"படமெல்லாம் இருக்கு மதினி. இங்க ஒண்ணு இருக்கட்டும்னுதான்."

"என்ன படம்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போகப் பார்த்தார். மதினி விடவில்லை.

"பிள்ளை படம்தான?" அவள் குரல் மாறிவிட்டது. "ஏல, நான் பஸ் ஏறி வந்து சேருததுக்குள்ள எல்லாம் முடிச்சிட்டிய. மண்ணுகூட நான் போடல. அத்தைக்காரி நான், அந்தப் பிள்ள மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேட்டா நீ அழுவியேன்னு கேக்காம இருந்தேன்."

அவர் செருப்போடு அப்படியே நின்றார். பிறகு கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் கையிலிருந்த வயரையும் மதினி கையிலிருந்த டிஸ்க்கையும் வாங்கினார். மதினி வீட்டு டிவியின் பின்னால் கையைவிட்டுத் தடவி, தானே செருகினார்.

பாட்டு எதுவும் வரவில்லை. ரிமோட்டை அமுக்கினால்தான் அடுத்த படம். ஒரு படத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். மதினி டிவிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் திரையின் தூசியைத் துடைத்தாள்.

"மூக்கு எங்கம்மா மூக்குலா" என்றாள்.

"அது குழாய் வச்சதுனால அப்படித் தெரியுதுக்கா. அடுத்த படத்துல பாரு" என்றார் அவர்.

இப்போதும் நான் முழுக்க அடங்கிவிடவில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது பீரோவைத் திறந்து டிஸ்க்கைச் செருகி, படம் திறக்கிறதா என்று பார்க்கிறேன். அங்கே மதினியும் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று போனில் சொல்கிறாள். நான் பார்க்கும்போது சில நாள் அவரும் வந்து பின்னால் நிற்கிறார். சில நாள், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுகிறார். நான் தடுப்பதில்லை.